மேற்கே போனால் வீடு கிடைக்குமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி: ஒரு காலத்தில் தொழிலாளியின் ஊர்கள், இன்று யாருக்கு?

2024 நவம்பர் 22 அன்று பட்டாபிராமில் டைடல் பார்க்கை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். 21 மாடிகள், 5.57 லட்சம் சதுர அடி, 330 கோடி ரூபாய் செலவு. ஆவடியையும் இந்துக் கல்லூரி நிறுத்தத்தையும் தாண்டி இறங்க வேண்டிய ஊரில் இப்படியொரு கட்டடம் வரும் என்று இருபது வருடத்துக்கு முன்பு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால், அதற்குள் முதல் ஊழியர் கால் வைப்பதற்கு முன்பே மனை விளம்பரங்களில் டைடல் பார்க்கின் பெயர் குடியேறிவிட்டது. நெமிலிச்சேரியில் மனை போட்டவரும் ‘டைடல் பார்க் அருகில்’ என்றார். திருநின்றவூரைத் தாண்டி மனை போட்டவரும் அதையேதான் சொன்னார்.

சென்னையின் மேற்குப் புறநகரில் வீட்டு விலை எப்படி நகர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த விளம்பரப் பலகைகளே போதும். வேலை வருவதற்கு முன்பு வேலை பற்றிய செய்தி வருகிறது. செய்தியோடு விலையும் வந்துவிடுகிறது. ரயில் வருவதற்குள் ரயில் வரப்போகும் விலை வந்து உட்கார்ந்துவிடுகிறது. நாளைய வசதிக்கான விலையை இன்றைய சம்பளத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. மாதச் சம்பளக்காரரின் முதல் நெருக்கடி இதுதான்.

தென் சென்னையில் ஓஎம்ஆரும் வேளச்சேரியும் கைக்கு எட்டாமல் போன பிறகு, ‘மேற்கே போங்க, அங்க இன்னும் பட்ஜெட்ல கிடைக்கும்’ என்று சொல்லாத புரோக்கர் இல்லை. அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. அது பாதி உண்மைதான் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

வேலையோடு வந்த வீடுகள்

1856-ல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டை நோக்கிப் போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை இந்தப் பக்கமாகத்தான் போனது. ஆனாலும் நூறு வருடங்களுக்கு அம்பத்தூரும் ஆவடியும் பெரும்பாலும் ஏரிப் பாசனக் கிராமங்களாகவே இருந்தன. 1955-ல் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. அடுத்த பத்து ஆண்டுகளில் அந்த ஊரின் முகமே மாறியது. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. ராணுவ உடைத் தொழிற்சாலையும் ஆவடிக்கு வந்து சேர்ந்தது. இந்தப் பக்கம் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ், பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை.

இந்தத் தொழிற்சாலைகள் வேலையோடு கூரையையும் கொண்டுவந்தன. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள் ஊழியர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டின. வரிசை வரிசையான வீடுகள், பள்ளிக்கூடம், மைதானம், மரங்கள். தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் கொரட்டூர், முகப்பேர், அம்பத்தூர், ஆவடி என்று அடுத்தடுத்துக் குடியிருப்புகளை உருவாக்கியது. ஃபிட்டராக வேலைக்குச் சேர்ந்தவர் ஓய்வுபெறும்போது அரை கிரவுண்டில் சொந்த வீடு வைத்திருப்பது இந்த ஊர்களில் அதிசயமாக இருக்கவில்லை. அம்பத்தூர் ஓட்டியிலும் திருமுல்லைவாயலிலும் இன்று ‘பழைய வீடு, நிலத்தின் மதிப்புக்கே விற்பனை’ என்று போகும் சொத்துகளில் கணிசமானவை அப்படிக் கட்டப்பட்டவைதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அம்பத்தூரில் நான்கரை லட்சத்துக்கும் மேல். ஆவடியில் ஏறத்தாழ மூன்றரை லட்சம். பூந்தமல்லியில் 57 ஆயிரம். அதே 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019-ல் ஆவடி தனி மாநகராட்சி ஆனது. 2022-ல் ஆவடிக்குத் தனிக் காவல் ஆணையரகம் வந்தது. ஒவ்வொரு தகுதி உயர்வும் சதுர அடி விலையில் ஏறியது. குழாயில் வரும் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் அதே வேகத்தில் வரவில்லை.

ஒரு ஃப்ளாட்டின் உண்மையான விலை

ஒரு கணக்கைப் போடுவோம். அம்பத்தூர் வட்டாரத்தில் கட்டுமானத்தில் இருக்கும் 900 சதுர அடி, இரண்டு படுக்கையறை ஃப்ளாட். சதுர அடி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்: 54 லட்சம். கார் நிறுத்த இடத்துக்கு 3 லட்சம். ஆக, விலைப்பட்டியலில் 57 லட்சம்.

இதற்கு மேல் ஜிஎஸ்டி. கட்டி முடிக்காத வீட்டுக்கு 5 சதவீதம் என்பதால் 2.85 லட்சம். பதிவுச் செலவு அடுத்தது. 2023 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் புதிய அடுக்குமாடி வீடுகளுக்கு நிலத்தின் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிய வேண்டும். 50 லட்சம் வரை 6 சதவீதம். அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். இங்கே 3.99 லட்சம். மொத்தம் 63.84 லட்சம் ஆகிவிட்டது. அலமாரி, சமையலறை வேலை, ஜன்னல் கம்பி எல்லாம் இதில் இல்லை.

வங்கி எவ்வளவு தரும்? ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். பதிவுச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க முடியாது. 57 லட்சத்தில் 80 சதவீதம் 45.6 லட்சம். மீதி 18 லட்சத்துக்கும் மேல் கையிலிருந்து போட வேண்டும். ஊரில் இருக்கும் நிலம், மனைவியின் நகை, பி.எஃப் பணம், தங்கையின் கல்யாணத்துக்கு என்று எடுத்துவைத்தது எல்லாம் கரைவது இந்த 18 லட்சத்தில்தான். விளம்பரத்தில் வராத எண்ணும் இதுதான்.

45.6 லட்சத்துக்கு 8 சதவீத வட்டியில் 20 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 38,100 ரூபாய். கைக்கு வரும் சம்பளத்தில் 40 சதவீதத்துக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டால், குடும்பத்துக்கு மாதம் 95,000 ரூபாய் வர வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் சமாளிக்கலாம். தொழிற்பேட்டையில் சிஎன்சி மெஷின் ஓட்டும் ஒருவரின் தனிச் சம்பளத்தில் இது நடக்கவே நடக்காது. 20 வருட முடிவில் கட்டியிருக்கும் மொத்தத் தொகை 91 லட்சத்தைத் தாண்டும். அதில் வட்டி மட்டும் ஏறத்தாழ 46 லட்சம்.

வட்டி ஏறினால்? 2020-ல் 4 சதவீதமாக இருந்த, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி விதிக்கும் ரெப்போ விகிதம், 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. 2025-ல்தான் படிப்படியாக இறங்கியது. மேலே சொன்ன கடனுக்கு வட்டி 8-லிருந்து 9.5 ஆனால் தவணை 4,300 ரூபாய்க்கு மேல் கூடும். பல வங்கிகள் தவணையைக் கூட்டாமல் வருடங்களைக் கூட்டிவிடுகின்றன. மாதாமாதம் போகும் தொகை மாறவில்லையே என்று நிம்மதியாக இருப்பவரின் கடன், ஓய்வுபெறும் வயதைத் தாண்டிப் போய்விடும். வருடத்துக்கு ஒருமுறையாவது கடன் கணக்கு விவரத்தை வாங்கி, ‘இன்னும் எத்தனை மாதம்’ என்ற கட்டத்தைப் பார்ப்பது அவசியம்.

அரசின் வரையறைகள் சந்தையை எப்படி வளைக்கின்றன என்பதும் இங்கேதான் தெரியும். ஜிஎஸ்டி விதியில் ‘மலிவு வீடு’ என்றால் விலை 45 லட்சத்துக்குள், சென்னை போன்ற பெருநகரங்களில் உட்பரப்பு 60 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வரி 1 சதவீதம். 45 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வரி 45,000. விலை 46 லட்சமானால் 2.3 லட்சம். இந்த வரம்பு 2019 ஏப்ரலில் வந்தது. அதற்குப் பிறகு சிமென்ட், கம்பி, கூலி, நிலம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. வரம்பு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. பிரதமரின் வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் 1.80 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 35 லட்சத்துக்குள் புதிய இரண்டு படுக்கையறை வீட்டை அம்பத்தூரில் தேட முடியாது. ஆவடிக்கு அப்பால், திருநின்றவூர் பக்கம்தான் தேட வேண்டும்.

இதே 900 சதுர அடி ஃப்ளாட்டுக்கு வாடகை என்னவோ தவணையில் ஏறத்தாழ பாதிதான் வருகிறது. வாடகையில் இருந்துகொண்டு மிச்சத்தைச் சேமித்தால் என்ன என்று இளம் தம்பதிகள் பலர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. சேமிக்கும் ஒழுங்கு இருந்தால், பிள்ளையின் பள்ளியை ஒட்டி வீடு மாறிக்கொள்ள மனம் இருந்தால், முதல் ஐந்தாறு வருடங்களுக்கு அதுவே நல்ல முடிவாக இருக்கலாம்.

காலடியில் எவ்வளவு மண்?

ஃப்ளாட் வாங்குபவர்கள் டைல்ஸையும் லிஃப்டையும் பார்க்கிறார்கள். யுடிஎஸ் என்று எல்லோரும் சொல்லும் பிரிக்கப்படாத நிலப் பங்கைப் பத்திரம் எழுதும்போதுதான் பார்க்கிறார்கள். கட்டடம் வருடா வருடம் தேயும். மதிப்பு ஏறுவது நிலத்துக்குத்தான்.

2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாதாரண உயரக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அடுக்குமாடிக் கோபுரங்களுக்கு 3.25 வரை. அதாவது, மனையைப் போல் இரண்டு மடங்கோ, மூன்றே கால் மடங்கோ கட்டிக்கொள்ளலாம். தோராயமாகச் சொன்னால், முதல் வகையில் 900 சதுர அடி ஃப்ளாட்டுக்கு 450 சதுர அடி நிலம் பங்காக வரும்; இரண்டாவது வகையில் 280-ஐ எட்டுவதே கடினம். இரண்டு ஃப்ளாட்டுக்கும் ஒரே சதுர அடி விலை சொன்னால், ஒரே பொருளை விற்கவில்லை என்று அர்த்தம். நீச்சல் குளமும் ஜிம்மும் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது.

இருபது முப்பது வருடம் கழித்து இது இன்னும் முக்கியமாகும். 2022-ல் இயற்றப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். அன்றைக்குப் பேரம் பேசும் பலம் யுடிஎஸ்ஸை வைத்துத்தான் கிடைக்கும்.

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பொறி

ஃப்ளாட் கட்டுப்படியாகாதவர்கள் மனைக்குப் போகிறார்கள். ஆவடி, வெள்ளவேடு, திருமழிசை, நசரத்பேட்டை, குத்தம்பாக்கம் என்று நெல் விளைந்த நிலங்கள் கல் நடப்பட்ட மனைகளாக மாறியது இந்தத் தேவையால்தான். 600 சதுர அடி, 800 சதுர அடி என்று வாங்கி, முதலில் ஒரு ஹால், சமையலறை. பிள்ளைகள் வளர்ந்ததும் மாடி. தமிழ்க் குடும்பங்கள் வீடு கட்டிக்கொண்ட வழி இதுதான்.

அந்த வழியில்தான் பெரிய ஏமாற்றும் நடந்தது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் சென்னைப் பெருநகர்ப் பகுதியில் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவுக்கும், அதற்கு வெளியே நகர் ஊரமைப்புத் துறையான டிடிசிபிக்கும்தான் உண்டு. ஆனால், ஊராட்சித் தலைவரின் முத்திரையைக் காட்டி ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று ஆயிரக்கணக்கான மனைகள் விற்கப்பட்டன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தது. மகளின் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப் போட்டவர்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தார்கள். 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு உருவான மனைகளை, கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ள வழி பிறந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்து மனை வாங்கியவர், மனைப்பிரிவு போட்டு விற்றவர் விட்டுப்போன கட்டணத்தையும் தானே கட்ட வேண்டியதாயிற்று. விற்றவர்கள் பெரும்பாலும் கைகழுவிவிட்டார்கள். இந்த அநியாயத்துக்கு இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை.

2022-ல் பெருநகர்ப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. சிஎம்டிஏ ஒப்புதல் என்று சொன்னாலே சென்னைக்குள் இருக்கிறது என்று நினைப்பவர்களை இந்த விரிவு எளிதில் குழப்பும். வரைபடத்தில் தூரத்தைப் பார்த்துவிட வேண்டும்.

மனையின் பதிவுச் செலவிலும் ஒரு வரலாறு இருக்கிறது. 2017 ஜூனில், பதிவுச் செலவைக் கணக்கிட அடிப்படையான வழிகாட்டி மதிப்பை அரசு 33 சதவீதம் குறைத்தது. பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக ஏற்றியது. முத்திரைத் தீர்வையோடு சேர்த்து 11 சதவீதம். 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு திரும்ப வந்தது. பதிவுக் கட்டணம் 2 ஆனது. மொத்தம் 9 சதவீதம். சதவீதம் குறைந்துவிட்டதே என்று தோன்றும். 20 லட்சம் வழிகாட்டி மதிப்புள்ள மனைக்கு 11 சதவீதம் என்றால் 2.2 லட்சம். அதே மனையின் மதிப்பு 30 லட்சமாகத் திரும்பிய பிறகு 9 சதவீதம் என்றால் 2.7 லட்சம். 2024 ஜூலையில் மதிப்புகள் மறுபடியும் திருத்தப்பட்டன. 2025 ஏப்ரலிலிருந்து, 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் தள்ளுபடி. நல்ல அறிவிப்பு. ஆனால், அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் 10 லட்சத்துக்கு வீடு கட்டும் அளவில் மனை ஏது?

தூரம், தண்ணீர், வெள்ளம்

ஆவடி, அம்பத்தூர்க்காரர்களின் பெரிய சொத்து புறநகர் ரயில். சென்ட்ரலுக்கு சீசன் டிக்கெட் எடுத்தால் மாதப் பயணச் செலவு சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பூந்தமல்லிக்கு ரயில் நிலையமே இல்லை. பல்லாண்டுகளாகப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும்தான். இப்போது கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26 கிலோமீட்டர் மெட்ரோ, 63,246 கோடி ரூபாய் மதிப்பிலான இரண்டாம் கட்டத் திட்டத்தின் பகுதியாக அமைகிறது. 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து சோதனை ஓட்டம் தொடங்கியது. கோயம்பேட்டிலிருந்து பட்டாபிராம் வரை 21.76 கிலோமீட்டருக்கும், பூந்தமல்லியிலிருந்து பரந்தூர் நோக்கி, முதலில் சுங்குவார்சத்திரம் வரை 27.9 கிலோமீட்டருக்கும் திட்ட அறிக்கைகள் தயாராகின.

திட்ட அறிக்கை வேறு, ஓடும் ரயில் வேறு. பாடியிலிருந்து திருநின்றவூர் வரை, சிடிஎச் எனப்படும் சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பேச்சு எத்தனை ஆண்டுகளாக நடக்கிறது என்பது அம்பத்தூர்வாசிகளுக்குத் தெரியும். நிலம் எடுப்பதில் சிக்கிய வேலை நகர்வதற்குள் ஒரு தலைமுறை அந்த நெரிசலிலேயே வேலைக்குப் போய் வந்துவிட்டது. நானூறடிச் சாலை என்று ஊர்க்காரர்கள் சொல்லும் வெளிவட்டச் சாலையும் வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை 2014-ல் வந்தது. மீஞ்சூர் வரை முழுமையாக 2021 ஆனது. ரயில் வரும் என்று வாங்குபவர், பத்து வருடம் தாமதமானாலும் தாங்குமா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஊர்கள் ஏரிகளின் மேலும் ஏரிகளுக்கு இடையிலும் உட்கார்ந்திருக்கின்றன. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, அயனம்பாக்கம் ஏரி, போரூர் ஏரி, இவற்றுக்கெல்லாம் பெரியதாகச் செம்பரம்பாக்கம். ஒன்றின் உபரி அடுத்ததற்குப் போகும்படி முன்னோர் அமைத்த கால்வாய்கள் குறுகி, சாக்கடையாகி, பல இடங்களில் மறைந்தும் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. சிறு பட்டறைகளின் இயந்திரங்கள் மூழ்கின. கொரட்டூரிலும் ஆவடியிலும் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்துப் பசுமைப் பூங்காவாக 2019-ல் திறந்தார்கள். ஏரியை ஊரின் சொத்தாகக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அது கண்ணெதிரே இருக்கும் சாட்சி.

கோடையில் லாரித் தண்ணீர், மழையில் முழங்கால் தண்ணீர் என்று வாழும் குடியிருப்பில் மாதப் பராமரிப்புக் கட்டணம் வீட்டுத் தவணையின் தம்பியைப் போல வந்து நிற்கிறது. பூந்தமல்லிக்கு அருகிலேயே செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் குடிநீர் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பல தெருக்கள் ஆழ்துளைக் கிணற்றையும் கேன் தண்ணீரையும் நம்பியிருக்கின்றன.

வாங்கவே முடியாதவர்கள்

வீட்டுச் சந்தை பற்றிய பேச்சில் வாடகைக்காரர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். தொழிற்பேட்டையைச் சுற்றி, பட்டரவாக்கத்திலும் மண்ணூர்ப்பேட்டையிலும், ஒரே அறையில் நான்கைந்து பேராக பிஹாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் தங்குகிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் வரிசை வீடுகளில் பொதுக் கழிப்பறையோடு காலம் தள்ளுகின்றன. பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ‘வேறு உடன்பாடு’ என்ற அந்த இடைவெளியிலேயே பழைய வழக்கம் தொடர்ந்து வாழ்கிறது.

பெங்களூரு நெடுஞ்சாலையில் இன்னும் மேற்கே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான தங்கும் வளாகத்தைக் கட்டியது; 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தொழிற்சாலைக்கு இடம் கொடுக்கும்போதே தொழிலாளியின் படுக்கைக்கும் இடம் யோசிப்பது ஆவடியில் 1960-களில் நடந்த காரியம். இப்போது வேறு உருவில் திரும்பியிருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் இது வேண்டும். தனியாக வரும் இளைஞர்களுக்கு மட்டுமின்றிக் குடும்பத்தோடு வருபவர்களுக்கும் வேண்டும்.

முகப்பேர் சொல்லும் பாடம்

இதற்கெல்லாம் ஒரு விடை மேற்குச் சென்னையிலேயே இருக்கிறது. 1977-ல் உலக வங்கி உதவியோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களிலும், 1980-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் முகப்பேரிலும் அரசு ஒரு புதுமையைச் செய்தது. முழு வீட்டைக் கட்டித் தருவதற்குப் பதிலாக, சாலை, குடிநீர், சாக்கடை, மின்சாரம் போட்ட சிறு மனைகளைக் குறைந்த வருமானக்காரர்களுக்குத் தவணையில் கொடுத்தது. கூடவே பெரிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்த லாபத்தில் ஏழைகளின் மனை விலையைக் குறைத்தது.

முதல் வருடங்களில் இதைத் தோல்வி என்றார்கள். ஊருக்கு வெளியே யார் போவார்கள், மனைகள் காலியாகக் கிடக்கின்றன, வாங்கியவர்கள் விற்றுவிடுகிறார்கள் என்றெல்லாம் குறை சொன்னார்கள். உலக நாடுகளும் அந்த முறையை மெல்லக் கைவிட்டன. கேட் ஓவன்ஸ், சுமிலா குல்யானி, ஆண்ட்ரியா ரிஸ்வி ஆகியோர் சென்னையிலும் மும்பையிலும் இந்தக் குடியிருப்புகளுக்கு இருபது ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்து எழுதிய ஆய்வு 2018-ல் வெளியானது. மனைகள் நிரம்பியிருந்தன, வீடுகள் மாடி மாடியாக வளர்ந்திருந்தன, பல வருமானத்தினரும் ஒரே வட்டாரத்தில் கலந்து வாழ்ந்தார்கள். முகப்பேர் கிழக்கிலும் மேற்கிலும் இன்று நடந்து பார்த்தால் யாருக்கும் இது புலப்படும். சிறு மனையில் எழும்பிய மூன்று மாடி வீட்டின் கீழே கடை, நடுவில் உரிமையாளர், மேலே வாடகைக்காரர். ஒரு மனை, இரண்டு மூன்று குடும்பங்களுக்குக் கூரை.

பூந்தமல்லிக்கு அருகில் குத்தம்பாக்கத்தில் 1996-ல் ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமி, உள்ளூர் மண் கற்களைக் கொண்டு குறைந்த செலவில் இரட்டை வீடுகளைக் கட்டி, தலித் குடும்பத்தையும் தலித் அல்லாத குடும்பத்தையும் ஒரே சுவரின் இருபுறமும் குடியமர்த்தினார். மலிவு வீடு என்றால் ஊருக்கு வெளியே தனியாக ஒதுக்கிவைக்கப்பட்ட குடியிருப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று அந்த ஊர் காட்டியிருக்கிறது.

தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961-ல் பிறந்தது. சிங்கப்பூரின் வீட்டுவசதி வாரியம் அதற்கு ஒரு வருடம் மூத்தது. இன்று சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் அந்த வாரியம் கட்டிய வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களில் நம் தமிழர்களும் அடக்கம். நிலத்தை அரசு தன் கையில் வைத்திருந்ததும், அதைக் குடியிருப்புக்கே பயன்படுத்தியதும் அங்கே நடந்தவை.

இங்கே நடந்ததைத் திருமழிசையில் பார்க்கலாம். வாரியத்தின் வசமிருந்த சுமார் 311 ஏக்கரில் 2,160 கோடி ரூபாயில் துணை நகரம் அமையும் என்று 2011-ல் முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். ஒன்பது வருடம் கழித்து, 2020 மே மாதம், கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவியபோது, மொத்தக் காய்கறிச் சந்தையை அப்படியே கொண்டுபோய் வைக்கும் அளவுக்கு அந்த நிலம் வெற்றிடமாகக் கிடந்தது. பிறகு அதே நிலப் பகுதியில் 25 ஏக்கர் அளவில் குத்தம்பாக்கம் பேருந்து முனையம் எழும்பியது. முனையம் தேவைதான். வீட்டுக்காக விவசாயிகளிடமிருந்து எடுத்த நிலத்தில் வீடுதான் வரிசையில் கடைசியாக நிற்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்று சொல்லக்கூடியது இவ்வளவுதான். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, சர்வே எண், சிஎம்டிஏ ஒப்புதல் எண், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண் ஐந்தையும் நீங்களே இணையத்தில் சரிபாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேலோ வரும் எந்தத் திட்டமும் ரெரா பதிவு இல்லாமல் விற்கப்படக் கூடாது. மனையை மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தெருமுனை டீக்கடையில் 2015 வெள்ளத்திலும் 2023 புயல் மழையிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். தவணை கட்டிய பிறகு ஆறு மாதச் செலவு கையில் நிற்குமா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அரசு செய்ய வேண்டியதை முகப்பேரில் ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறது. திருமழிசையில் மீதமிருக்கும் நிலத்தைச் சாலை, தண்ணீர், சாக்கடையோடு சிறு மனைகளாகப் பிரித்து, மாதம் 25,000, 30,000 சம்பாதிக்கும் குடும்பங்களுக்குத் தவணையில் கொடுக்க வேண்டும். பரந்தூர் மெட்ரோவுக்கு நெடுஞ்சாலையில் முதல் தூண் எழும்புவதற்கு முன்பே அந்த மனைகளுக்கான குலுக்கல் தேதியை அறிவிக்க வேண்டும். தூண் எழும்பிய பிறகு அறிவித்தால், அந்த விலையை அவர்களால் கொடுக்க முடியாது.